ராங் நம்பர்

இரவு பத்தே முக்காலுக்கு ஓர் எண் வந்தது.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்.
கீழே அவனுக்குத் தெரிந்த தமிழில்:
"நீரு வருது அண்ணா. மண்ணு கலர்."

புட்டமாதய்யாவை நான் பார்த்ததில்லை.
கொள்ளேகால் பக்கம் ஏதோ ஒரு பாலத்தடியில்
அளவுகோல் படிக்கிறவன்.
மூன்று வருஷம் முன்பு
மேட்டூர் என்று நினைத்து என்னை அழைத்துவிட்டான்.
நான் கொள்ளிடக் கரையில் ஒரு வடிகால் மதகுக்கு லஸ்கர்.
எனக்கு மேல் பதினான்கு கையெழுத்து.
ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்கலாம்,
"எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன்.

சித்திரையில் இதே எண்ணைக் கேட்டால்
இரு பக்கமும் வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும்.
சொட்டுக்கொரு பிரமாணப் பத்திரம்.
ஆடியில் மலை நனைந்துவிட்டால்
கேளாமலே வருகிறது,
இலையை மூடிவிட்டவன் கைமேல்
பந்தியில் ஊற்றுகிற ரசம் மாதிரி.

மேட்டூர் ததும்பி நிற்கிறது. தேங்க இடமில்லை.
மூன்றாம் நாள் விடியலுக்கு முன்
இந்த எண் என் மதகைத் தட்டும்.
முறையான தகவல் வர
இன்னும் ஒன்றரை நாள்.
முன்னதாக மூடினால்
வடிய வழியில்லாமல் குறுவை அழுகும்.
பிந்தி மூடினால்
ஆறு தெருவுக்குள் வரும்.
நடுவில் இருப்பது
ஒரு பீடி பிடிக்கிற நேரம்.

திட்டில் தையல்நாயகிக்குச் சொன்னேன்.
"ஆட்டை ஏத்திடுறேன். முல்லையை எங்க ஏத்துறது?"
என்றாள். பதில் தெரியவில்லை.

அடுத்த அழைப்புக்குத்தான் விரல் தயங்கியது.
அக்கரை. வேறு மாவட்டம், வேறு தாசில்தார்.
பழைய வெள்ளத்தில் எங்கள் கரை உடைந்தது
என்று எழுதியிருக்கிறது பதிவேட்டில்.
உடையவில்லை.
நள்ளிரவில் நாலு மண்வெட்டி.
அதற்கு முந்தைய வெள்ளத்தில்
அவர்கள் கரையில் நடந்ததை
எங்கள் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
அன்றிலிருந்து ஆறு ஏறினால்
இரு கரையிலும் டார்ச் எரியும்.
தண்ணீரின்மேல் அடிப்பதில்லை,
எதிரே நிற்கிறவன் முகத்தில்.

மஸ்தான்கனி எடுத்தார்.
எண்ணைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"யாரு சொன்னா?"
"கொள்ளேகால்ல ஒருத்தன்."
"நம்பலாமா?"
"மூணு வருஷமா தப்பினதில்ல."
"உங்ககிட்ட மூட்டை எத்தனை?"
"முந்நூறு."
"எழுநூறு இருக்கு. காலைல பாலம் வழியா
பாதி டிராக்டர்ல வரும்.
பாசத்துல அனுப்பல, கேட்டுக்க.
உங்க கரை போனா ரயில் பாலத்துல அடைச்சு
திரும்பி எங்க மேலதான் வரும்."

வந்தது.
வாழைத்தாரும் வைக்கோல்போரும்
யாரோ வீட்டுக் கதவொன்றும்
எனக்கு முன்னால் போயின.
மூன்றாவது ஷட்டர் பாதியில் சிக்கி,
சங்கிலியில் நாங்கள் ஏழு பேர் தொங்கினோம்.
அதில் இரண்டு பேர் அக்கரைக்காரர்கள்.
அன்று டார்ச்சுகள்
முதல் முறையாகத் தண்ணீரைப் பார்த்தன.

கரையில் பதினோரு அங்குலம் மிச்சம்.
முல்லை மூன்று ஏக்கர் போனது.
கட்டவிழ்க்க மறந்த ஒரு கிடேரி போனது.
பேப்பரில் ஒரு வரி இல்லை;
உடையாத கரையை
யார் வந்து படம் பிடிப்பார்கள்?

கீழிருந்து மேலே எண் போகிற வழக்கமில்லை.
அன்று அனுப்பினேன்:
பதினொன்று.
பதில் வரவில்லை. தூங்கியிருப்பான்.

பங்குனி முடிந்து,
கோர்ட்டில் மறுபடி தேதி கொடுத்து,
இரண்டு ஊரிலும் பஸ் நின்ற வாரத்தில்
ஒரு ராத்திரி போன் ஒளிர்ந்தது.
பத்தே முக்கால்.

நாற்பது.

லட்சமா, ஆயிரமா என்று நான் கேட்கவில்லை.
வெறும் நாற்பது.

எழுந்து போய் டார்ச் அடித்து
என் அளவுகோலின் அடியைப் பார்த்தேன்.
திருப்பி அனுப்பினேன்:
"மணல்."